இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டுச் சிப்பிகள்

பகுதி நேர ஆராய்ச்சி என்று பெயர் வைத்த மகானை ஒரு நாள் யாராவது குசுமாவதியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும். பகுதி நேரமாம், பகுதி நேரம்! மீதி நேரம் எங்கே இருக்கிறது, நீரே தேடிக் கொடும் ஐயா என்று கேட்டிருப்பாள். திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. வாரத்துக்குப் பதினெட்டு வகுப்பு, மூன்று மதியம் செய்முறை, விடைத்தாள் திருத்தல், தேர்வு மேற்பார்வை, முதல்வர் அம்மாவுக்கு நினைவு வரும்போதெல்லாம் ஒரு விழாக் கமிட்டி. வீடு கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில். பௌர்ணமி வந்தால் பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மலை சுற்ற வந்த கூட்டத்துக்கு எதிர்த் திசையில், கையில் ஆய்வுக்கூடப் பெட்டியோடு இரண்டு மைல் நடக்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. அது நயினார் வீடு, தமிழ்ச் சமணர் குடும்பம். பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை போடாதவர்கள். ஐந்தரை மணிப் பேருந்தைத் தவறவிட்டால் அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு கிடையாது. வடிகட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளாகத்தான் பட்டினி இருந்தாள். ஏழு வருஷத்தில் அப்படி எத்தனை ராத்திரி என்று கணவர் விருசபதாசன் ஒருமுறை கணக்குப் போடப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் விட்டுவிட்டார்.

இவ்வளவும் எதற்கு? ஏரிச் சிப்பிக்கு.

ஏரிச் சிப்பியின் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பு முழுக்க வெறும் சுண்ணாம்பு. கரும்பலகையில் எழுதுகிறோமே, கீழே போட்டால் மூன்றாக உடைகிறதே, கிட்டத்தட்ட அதே சரக்கு. ஆனால் சிப்பி அதைத் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய தட்டுகளாக வளர்த்து, செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கி, நடுநடுவே ஒரு சவ்வை வைத்து ஒட்டிவிடுகிறது. அப்புறம் சுத்தியலால் அடித்தாலும் சட்டென்று உடையாது. சூளை இல்லை, சூடு இல்லை, சேற்றில் உட்கார்ந்தபடியே செய்து முடிக்கிற வேலை. அந்த ரகசியம் தெரிந்தால் நொறுங்கிப்போன எலும்புக்கு மாற்றுச் செய்யலாம் என்று உலகம் முழுக்கப் பல பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி குசுமாவதி. கல்லூரியில் பழைய நாற்காலிகள் போட்டுவைத்திருந்த ஓர் அறையைக் கெஞ்சி வாங்கி, அதில்தான் அவள் ஆராய்ச்சி நடந்தது.

செய்முறை லேசானது. ஓட்டிலுள்ள சுண்ணாம்பை மெல்லிய அமிலத்தில் கரைத்தால் சவ்வு மட்டும் மிஞ்சும். அந்தச் சவ்வைச் சுண்ணாம்பு உப்புக் கரைசலில் போட்டு வைத்தால் அதன்மேல் படிகம் வளரும். சவ்வுக்குச் சிப்பியின் வித்தை தெரிந்திருந்தால் படிகம் தட்டுத்தட்டாக வளரும். தெரியாவிட்டால் பகடைக்காய் மாதிரி வளரும். பகடை எந்தக் கரைசலிலும் வளரும், அதற்குச் சிப்பி வேண்டியதில்லை. தட்டு வர வேண்டும். அவள் தேடியது அதைத்தான்.

தொண்ணூற்று மூன்றில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும்போதே தகராறு வந்தது. அவளுடைய வழிகாட்டி சென்னையில் பேராசிரியர் அப்பாதுரை. நல்ல மனுஷர், ஆனால் வாய் கொஞ்சம் முன்னால் ஓடும்.

“ஏரியில வெயில்ல கெடக்கற ஓடெல்லாம் வேலைக்கு ஆகாதும்மா. சவ்வு செத்துப் போயிருக்கும். உயிரோட எடுத்து அறுத்தாத்தான் உண்டு.”

“நான் ஜெயின் சார். என்னால முடியாது.”

“சயின்ஸ்ல என்னம்மா ஜெயின்? சிப்பிக்கு நீ ஜெயின்னு தெரியுமா?”

“எனக்குத் தெரியும் சார்.”

பதிவையே விட்டுவிடுகிறேன் என்று எழுந்துவிட்டாள். அவர்தான் உட்காரவைத்து, அப்படியானால் வழி நீயே கண்டுபிடி என்றார். அவளும் கண்டுபிடித்தாள். பக்கத்து ஊர் ஏரியில் வலை போடுகிறவர் இருசப்பன். மீன் பிடித்து விற்று, மீன் தின்று வாழ்கிற குடும்பம். குசுமாவதி ஏரிக்கரையில் அவரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

“எனக்காக ஒரு உயிரையும் கொல்லக் கூடாதுண்ணே. நீங்க சாப்ட்டுட்டு வெளிய போடற சிப்பி ஓடு இருக்குமில்ல, அது போதும். காயறதுக்குள்ள ஈரத் துணியில சுத்திக் குடுத்துடுங்க.”

இருசப்பன் வலையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு, “சரிங்க டீச்சரம்மா” என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கல்லூரி வாசலுக்கு ஒரு சாக்குப்பை வந்துவிடும். அவள் பதிலுக்கு நிலத்தில் விளைந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மரக்கால் மரக்காலாகக் கொடுத்தனுப்பினாள். யாருக்கும் ஒரு பாவமும் இல்லை. அடுத்தவர் இலையில் மிஞ்சியதில் ஓர் ஆராய்ச்சி. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இருக்கட்டுமே, வேறு என்ன பெருமை இருந்தது அவளுக்கு அந்த வருஷங்களில்?

ஏனென்றால் படிகம் படுத்திய பாடு அப்படி. பகடை, பகடை, பகடை. பத்து முறை போட்டால் எட்டு முறை பகடை. சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, கண்ணாடி வில்லைகளை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய், பெரிய மைக்ரோஸ்கோப்புக்கு வரிசையில் உட்கார்ந்து பார்த்தால், திரையில் பகடை. திடீரென்று ஒரு தடவை அச்சு அசலாக, ஓட்டில் இருக்கிற மாதிரியே தட்டு வளர்ந்திருக்கும். அன்றைக்கு அப்பாதுரை தானே போய் எல்லாருக்கும் காப்பி வாங்கி வருவார். அடுத்த தடவை மறுபடி பகடை. அவள் வெப்பத்தை மாற்றினாள், உப்பை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள். ஒவ்வொரு முறை தப்பும்போதும் இருசப்பனிடம், “அடுத்த தடவ கொஞ்சம் ஜாஸ்தியா கொண்டாங்கண்ணே” என்றாள். அவரும் கொண்டுவந்தார். தலையில் நரை வந்தது. மகள் ஸ்வேதா ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அம்மா எங்கே என்று யாராவது கேட்டால், “சிப்பிய ஊற வெச்சிட்டிருக்காங்க” என்பாள்.

தொண்ணூற்றெட்டில்தான் ஒரு வெளிச்சம் தெரிந்தது. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாள். தட்டு வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை. கோடையில் முழுக்கப் பகடை. ஆஹா, மழைக்காலத்தில் ஏரித் தண்ணீரின் உப்பு மாறுகிறது, அதனால் சிப்பியின் சவ்வும் மாறுகிறது! அப்பாதுரையும் ஒத்துக்கொண்டார். இரண்டு வருஷம் ஏரித் தண்ணீரைச் சோதித்து ஐந்தாம் அத்தியாயம் முழுவதையும் அதன்மேல் கட்டினாள். தண்ணீர்க் கணக்கு முழுசாக ஒத்துப்போகவில்லைதான். ஆனாலும் ஏழு வருஷக் களைப்பில் இருக்கிற ஒரு மனுஷிக்கு அரைகுறையாக ஒத்துப்போவதே பெரிய விஷயம். இரண்டாயிரமாம் வருஷம் டிசம்பர் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அதற்குமேல் ஒரு நாள் நீட்டிப்பும் கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது.

அந்த ஐப்பசியில் மூன்று வாரமாக இருசப்பன் வரவில்லை. காய்ச்சல் என்று யாரோ சொன்னார்கள். கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால் ஐந்தாம் அத்தியாயத்தை மூடிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பை மல்லாட்டையோடு குடையைப் பிடித்துக்கொண்டு அவளே கிளம்பிப் போனாள். ஏழு வருஷத்தில் அவர் வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவை. மீன் வாடை ஒத்துக்கொள்ளாது என்று ஏரிக்கரையோடு நின்றுகொள்கிறவள்.

இருசப்பன் கயிற்றுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ராஜம்மாள் தாழ்வாரத்து அடுப்பில் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துபோய் இருந்தாள். அடுப்பின்மேல் பெரிய அலுமினியக் குண்டான். பக்கத்தில் ஒரு வாளி நிறையச் சிப்பி.

“வாங்க டீச்சரம்மா, வாங்க. இன்னா நீங்களே வந்துட்டீங்க, மழையில?” என்றாள் ராஜம்மாள். “உங்குளுதுதான் வெச்சிருக்கேன். ஈரக் கட்ட, எழவு புடிக்கவே மாட்டேங்குது. மழ வந்தாலே இதே ரோதன. இன்னிக்கும் கத்தியால பொளந்துதான் குடுக்கணும் போல.”

குசுமாவதிக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டாள். “சமைக்கறீங்களா? சாப்பாட்டு நேரத்துல வந்துட்டேனா?”

“அய்ய, இதையா?” ராஜம்மாள் சிரித்துவிட்டாள். “இத யாரும்மா திம்பாங்க? சேத்து நாத்தம் நாறும். எங்க ஊர்ல ஒருத்தரும் வாயில வெக்க மாட்டாங்க. உங்குளுக்குத்தான். வெந்நியில போட்டா தானா வாயத் தொறக்கும். சதைய வழிச்சி வாத்துக்குப் போட்டுட்டு ஓட்ட உங்குளுக்குக் கட்டறது.”

கட்டிலிலிருந்து இருசப்பன் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: “நீங்க சாப்ட்டுப் போட்ட ஓடுதான் வேணும்னு கேட்டீங்க. எங்களுக்கு அது பழக்கமில்லீங்க. ஆனா படிச்சவங்க, கரையில நின்னு கேக்கறீங்க, இல்லன்னு சொல்ல வாய் வரல. சிப்பிய ஒரு உயிருன்னும் நெனைக்கல. ஆக்கித் தின்னா எப்பிடி இருக்குமோ அப்பிடியே ஆக்கிக் குடுத்துட்டா போவுதுன்னு...”

மீன் தின்கிறவர்கள் எல்லாவற்றையும் தின்பார்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். காய்கறி தவிர வேறொன்றும் அறியாத வீட்டில் பிறந்தவளுக்கு மீனும் ஒன்றுதான், சிப்பியும் ஒன்றுதான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நீங்கள் இதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஓட்டை எப்படித் திறக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. எதைக் கொல்லக் கூடாது என்று யோசித்தாளே தவிர, எதிரில் நிற்கிறவர்கள் என்ன தின்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராஜம்மாள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“எத்தன வருஷமா இப்பிடி?”

“ஆரம்பத்துலேர்ந்தேம்மா. ஏன், சரியா வேவலையா?”

அந்தக் கேள்வியை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை. உயிர் போன துக்கம் ஒரு பக்கம் இருக்கிறது. அதே நேரம் மண்டைக்குள் இன்னொன்று ஓடுகிறது. வெந்நீரில் போட்டால் சவ்வு செத்துப்போகும். செத்த சவ்வில் பகடைதான் வளரும். மழைக்காலத்தில் விறகு நனைந்துவிடும், ராஜம்மாள் கத்தியால் பிளப்பாள், சவ்வு பச்சையாக இருக்கும், தட்டு வளரும். ஏரித் தண்ணீராவது, உப்பாவது! ஐந்தாம் அத்தியாயம் முழுக்க ஈர விறகு. ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷம் வந்தது. புதிர் அவிழ்ந்த சந்தோஷம். அது வந்ததற்காக அவள் தன்னையே அருவருத்தாள்.

“இத ஏரியிலயே விட்டுடுங்க” என்றாள் வாளியைக் காட்டி. “இனிமே வேணாம்.”

“நான் எதனா தப்பு பண்ணிட்டனா டீச்சரம்மா?” என்று கேட்டார் இருசப்பன்.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே. நான் சொன்ன மொற சரியில்ல.”

மல்லாட்டைப் பையை வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கல்லூரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் விருசபதாசனிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், அதிகம் பேசாதவர். கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்.

“இருக்கறத அப்பிடியே குடுத்துடு குசுமா. மழ, உப்புன்னே இருக்கட்டும். யாருக்குத் தெரியும்? நீ நிம்மதியா படுத்து எழுந்து எத்தன வருஷம் ஆச்சு.”

“எனக்குத் தெரியுமேங்க.”

மறுநாள் தொலைபேசிக் கடையில் நின்று அப்பாதுரையைக் கூப்பிட்டாள். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் மனுஷர் துள்ளிக் குதித்தார்.

“அடடா அடடா! பிரமாதமான ரிசல்ட்டும்மா இது! சவ்வோட வித்தை எங்க இருக்குன்னே தெரிஞ்சுபோச்சே! ஒண்ணு பண்ணு. ஒரே நாள்ல பத்துச் சிப்பி எடு. அஞ்ச வேக வை, அஞ்சப் பச்சையாப் பொள. போட்டோ எடுத்துடலாம், கதை முடிஞ்சுது. பத்தே பத்து.”

“முடியாது சார்.”

“இத்தன ஆயிரம் போனப்புறம் பத்துல என்னம்மா இருக்கு?”

பத்தில் என்ன இருக்கிறது? பத்தைக் கொன்றால் ஆய்வேடு நிற்கும், ஏழு வருஷம் நிற்கும். கொல்லாவிட்டால் செத்ததெல்லாம் வீணாகப் போகும். அது இன்னும் பெரிய பாவம் இல்லையா? கடைக்காரர் வெளியே வரச்சொல்லிக் கண்ணாடியைத் தட்டினார். “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று வைத்துவிட்டாள்.

வழி அவள் அறையிலேயே இருந்தது. சிப்பி ஒன்றுக்கு இரண்டு ஓடு. ஒன்றைக் கரைத்துவிட்டு மற்றதைத் தேதியும் எண்ணும் எழுதிப் பிஸ்கட் டப்பாக்களில் அவள் போட்டு வைத்திருந்தாள். ஆராய்ச்சி ஒழுங்கு அது. கத்தி வைத்துப் பிளந்த ஓட்டின் உதட்டில் கீறல் இருக்கும். வெந்நீரில் தானாக வாய் திறந்ததன் உதடு வழவழவென்று இருக்கும். எது எப்படிச் செத்தது என்று ஒவ்வோர் ஓடும் சொல்லும். எந்த ஓட்டின் ஜோடியில் என்ன படிகம் வளர்ந்தது என்பதும் நோட்டில் இருக்கிறது. புதிதாக ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. போனவை போதும்.

கார்த்திகை முழுக்க அந்த வேலைதான். ஊரில் தீபத்துக்குக் கூட்டம் அலைமோதியது. அவள் கல்லூரி விடுமுறையில் டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விருசபதாசன் எதிரில் உட்கார்ந்து எழுதினார். அவள் “கத்தி” என்பாள், அல்லது “வெந்தது” என்பாள். முதல் நாள் முழுக்க அப்படிச் சொன்னாள். இரண்டாம் நாள் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. வெந்ததை வலது பக்கம் வைப்பாள், அவராகப் பார்த்து எழுதிக்கொள்வார். வலது பக்கம் குவிந்துகொண்டே போனது. சில சமயம் ஒரே அளவில் சின்னச் சின்னதாக வரிசையாக வரும், போன வருஷம்தான் பிறந்திருக்கும் என்று தெரியும். அப்போதெல்லாம் அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டு வருவாள். அவர் பேனாவை மூடிவைத்துக் காத்திருப்பார்.

மொத்தம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு. கத்தி பட்டவை முந்நூற்று நான்கு, அவற்றில் இருநூற்று எண்பத்தொன்றில் தட்டு வளர்ந்திருந்தது. மீதி ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்கும் வெந்தவை, அவை எல்லாமே பகடை. இவ்வளவு சுத்தமான விடை அவள் வாழ்க்கையில் எந்தச் சோதனைக்கும் வந்ததில்லை. ஐந்தாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். செய்முறைப் பகுதியில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது: சிப்பிகள் உயிருடன் கொதிநீரில் இடப்பட்டன. அந்த ஒரு வரிக்கு ஒரு முழுநாள் ஆயிற்று. டிசம்பர் இருபத்தெட்டில் ஆய்வேட்டைக் கொடுத்தாள்.

மறு வருஷம் ஆவணியில் வாய்மொழித் தேர்வு. சென்னையில், பொது அரங்கில். இந்தத் தேர்வுக்குக் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி சொந்தக்காரர்கள் வருவது வழக்கம். மாமியாரிலிருந்து ஒன்றுவிட்ட மைத்துனர் வரை வேன் வைத்து வந்திருந்தார்கள். லட்டும் மிக்சரும் பொட்டலம் கட்டிப் பின்வரிசையில் அடுக்கியிருந்தது. கேள்வி கேட்கப் பெங்களூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். ஒரு மணி நேரம் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள்.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புன்னகையோடு கேட்டார். இவ்வளவு திடமான சான்று இந்தத் துறையில் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சந்தேகம் அம்மா. இந்த முடிவுக்கு முப்பது சிப்பி தாராளமாகப் போதுமே. உலகத்தில் யாரும் முப்பது, நாற்பதுக்கு மேல் போவதில்லை. நீங்கள் ஏன் இரண்டாயிரத்துக்கு மேல் எடுத்தீர்கள்?

அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் தமிழுக்கு வந்துவிட்டாள்.

“ஒண்ணைக்கூடக் கொல்லக் கூடாதுன்னு ஆரம்பிச்சேன் சார். அதனாலதான் இத்தனை ஆச்சு. முதல் நாளே சரின்னு தலையாட்டியிருந்தா முப்பதோட போயிருக்கும்.”

அரங்கில் முதலில் யாரோ சிரித்தார்கள். சாமர்த்தியமான பதில் என்று நினைத்திருக்க வேண்டும். மாணவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள், சொந்தக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டார். பெங்களூர்ப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். விருசபதாசன் எழுந்து லட்டு கொடுக்கப் போனார். பாதி வரிசையில் பொட்டலத்தை மைத்துனரிடம் தந்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். மணி மூன்றே முக்கால், பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அன்றிலிருந்து அவள் முனைவர் குசுமாவதி.